ரீமேட்ச்ல யார் ஜெயிப்பாங்க? முகமது அலியோட தோல்விகள் சொல்லும் கணக்கு

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

சேலையூர்ல இருந்து பேசுறேன். பின்னாடி கேம்ப் ரோடு ஹாரன் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க.

போன வாரம் ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "ப்ரோ, எப்பப் பார்த்தாலும் டேட்டா, மாடல்னு பேசுறீங்களே, ஒரு ஹெவிவெயிட் பாக்ஸிங் ரீமேட்ச்ல யார் ஜெயிப்பாங்கன்னு முன்னாடியே சொல்ல முடியுமா?"

ஓரளவுக்கு முடியும். ஆனா முதல் தடவை யார் ஜெயிச்சாங்கங்கிறதை மட்டும் வச்சு சொல்ல முடியாது. தோத்தவர் ஏன் தோத்தார், அந்தக் காரணத்தை அடுத்த மோதலுக்குள்ள சரிபண்ண முடியுமா, இதுதான் பார்க்க வேண்டியது. 'சார்பட்டா பரம்பரை' பார்த்தவங்களுக்கு இது புதுசு இல்லை. வேம்புலியோட ரெண்டாவது மோதலுக்கு முன்னாடி கபிலன் உடம்பு கெட்டுப்போய் நிப்பான். பழைய கபிலன் திரும்பி வருவானாங்கிறதுதான் அங்க கேள்வி. படத்துல அதுக்கு இயக்குநர் பதில் சொல்லிடுவார். நிஜத்துல நாமதான் யோசிக்கணும்.

டேட்டா ஏன் பத்தாது?

ஐபிஎல்ல ஒரு டீம் லீக் சுற்றுல மட்டும் 14 மேட்ச் ஆடும். ஹெவிவெயிட் சாம்பியன் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு சண்டை போட்டாலே பெரிசு. ஒரு ரீமேட்ச்சுக்கு முன்னாடி, அந்த ரெண்டு பேருக்கு நடுவுல நம்ம கையில இருக்கிற நேரடி டேட்டா ஒரே ஒரு வரிதான். ஒரு வரியை வச்சு மாடல் பண்ணினா அது மாடல் இல்லை, ஜோசியம்.

ஹெவிவெயிட்ல இன்னொரு சிக்கலும் இருக்கு. மத்த எடைப் பிரிவுகள்ல இவ்வளவு எடைக்கு மேல போகக்கூடாதுன்னு வரம்பு உண்டு. இங்க 200 பவுண்டு, அதாவது சுமார் 91 கிலோவைத் தாண்டிட்டா மேல வரம்பே கிடையாது. அதனால அதே ஆள் ஆறு மாசம் கழிச்சு வேற உடம்போட வரலாம். போதாததுக்கு, 11 ரவுண்ட் பின்தங்கி இருந்தவர்கூட ஒரே குத்துல ஆட்டத்தை முடிச்சிடலாம்.

அப்புறம், ரீமேட்ச்சுங்கிறதே ஒரு ஃபில்டர். எல்லா சண்டைக்கும் ரீமேட்ச் வர்றதில்லை. முதல் சண்டை ரொம்ப நெருக்கமா முடிஞ்சிருக்கணும், இல்லைன்னா யாரும் எதிர்பார்க்காத ஆள் சாம்பியனை சாய்ச்சிருக்கணும். சாம்பியன் தரப்பு பெரும்பாலும் 'தோத்தா மறுபடி மோதணும்'னு ஒப்பந்தத்துலேயே எழுதி வாங்கிடும். ஆக, சாம்பியன் அதிர்ச்சித் தோல்வி அடைஞ்சா, பல வருஷ ரெக்கார்ட் அவர் பக்கமும் ஒரே ஒரு ராத்திரி எதிராளி பக்கமும் இருக்கும். முதல் தடவை ஜெயிச்சவரே மறுபடி ஜெயிப்பார்னு கண்ணை மூடிக்கிட்டு சொல்றது இங்கதான் அடிவாங்குது.

அலி தோத்த மூணு தடவை

அலி தொழில்முறை வாழ்க்கையில தோத்தது மொத்தம் அஞ்சு தடவை. முதல் மூணு பேரையும் அவர் ரீமேட்ச்ல ஜெயிச்சார். மூணையும் தனித்தனியா பிரிச்சுப் பார்ப்போம்.

முதல்ல ஜோ ஃப்ரேஸியர், 1971 மார்ச் 8. வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால அலி சுமார் மூன்றரை வருஷம் ரிங்குக்கு வெளியில இருந்தார். 1970 அக்டோபர்லதான் திரும்பி வந்தார். கால்ல பழைய வேகம் இல்லை. 15-வது ரவுண்ட்ல ஃப்ரேஸியரோட இடது ஹூக் அவரைக் கீழே தள்ளிச்சு. காரணம் துரு. தொடர்ந்து சண்டை போட்டா போயிடும். 1974 ஜனவரி ரீமேட்ச்சுக்குள்ள அலி பதிமூணு சண்டை போட்டுட்டார். நடுவுல ஃப்ரேஸியரோ ஜார்ஜ் ஃபோர்மன்கிட்ட ரெண்டே ரவுண்ட்ல ஆறு தடவை கீழே விழுந்திருந்தார். ஒருத்தர் ஏறினார், ஒருத்தர் இறங்கினார். அலி ஜெயிச்சார்.

அடுத்து கென் நார்ட்டன், 1973 மார்ச் 31. அப்போ பெரிசா பேர் இல்லாத ஆள். அலி 221 பவுண்டோட, அலட்சியமா வந்தார். தாடை உடைஞ்சு தோத்தார். செப்டம்பர் ரீமேட்ச்சுக்கு 212 பவுண்டுக்கு இறங்கி வந்தார். அப்பவும் நடுவர்கள் தீர்ப்பு ஒருமனதா இல்லை, மயிரிழைல ஜெயிச்சார். ஏன்னா அலட்சியத்தை சரிபண்ணிட்டார், ஆனா நார்ட்டனோட ஸ்டைல் அவருக்கு எப்பவுமே கஷ்டம். அதை சரிபண்ண முடியாது.

மூணாவது லியான் ஸ்பிங்க்ஸ், 1978 பிப்ரவரி 15. ஸ்பிங்க்ஸ் அதுக்கு முன்னாடி போட்டதே ஏழு தொழில்முறை சண்டைதான். அலி ஒழுங்கா பயிற்சி எடுக்கலை. ஏழு மாசம் கழிச்சு ஒழுங்கா தயாராகி, 36 வயசுல பட்டத்தைத் திரும்ப வாங்கினார்.

மூணு தோல்விக்குப் பின்னாடியும் அலியால மாத்த முடிஞ்ச ஏதோ ஒண்ணு இருந்தது.

இதே கணக்கு மத்தவங்களுக்கும் ஓடுதா?

1936-ல ஜெர்மனியோட மாக்ஸ் ஷ்மெலிங், ஜோ லூயிஸை 12-வது ரவுண்ட்ல நாக்அவுட் பண்ணினார். லூயிஸ் ஜாப் போட்டதும் இடது கையைக் கீழே விடுறார்ங்கிறதை அவர் முன்னாடியே கவனிச்சு வச்சிருந்தார். நம்ம பாஷையில சொன்னா, ஒரு பக். ரெண்டு வருஷத்துல லூயிஸ் அதை ஃபிக்ஸ் பண்ணினார். 1938 ரீமேட்ச் 124 நொடியில முடிஞ்சுபோச்சு.

2019 ஜூன்ல ஆண்டி ரூயிஸ், ஆந்தனி ஜோஷுவாவைக் கவுத்தார். டிசம்பர் ரீமேட்ச்சுக்கு ஜோஷுவா சுமார் 10 பவுண்டு குறைச்சு, தள்ளி நின்னு ஆடுற திட்டத்தோட வந்தார். ரூயிஸ் 15 பவுண்டு ஏத்திக்கிட்டு வந்தார். ஜெயிச்சவரும் மாறுவார்ங்கிறதை நாம பல தடவை மறந்துடுறோம்.

இப்ப எதிர்ப்பக்கம். 2024 மே மாசம் ஒலெக்சாண்டர் உசிக், டைசன் ஃபியூரியை ஜெயிச்சப்போ மூணு நடுவர்ல ஒருத்தர் ஃபியூரிக்கே கொடுத்திருந்தார். ஸ்கோரை மட்டும் பார்த்தா ரீமேட்ச் ஐம்பதுக்கு ஐம்பதுன்னு தோணும். ஆனா ஃபியூரி தோத்தது தன் அலட்சியத்தால மட்டும் இல்லை. உசிக்கோட கால் வேகமும் 12 ரவுண்டும் குறையாத மூச்சும்தான் முக்கியக் காரணம். எதிராளியோட பலத்தை ஃபியூரி தன் ஜிம்ல உட்கார்ந்து எப்படி சரிபண்ணுவார்? டிசம்பர்ல மூணு நடுவர்களும் ஒரே மாதிரி 116-112-ன்னு உசிக்குக்கே கொடுத்தாங்க.

1980: சென்னையும் லாஸ் வேகாஸும்

அலி நம்ம ஊருக்கு வந்தது 1980-ல. நேரு ஸ்டேடியத்துல காட்சிப் போட்டி, எம்.ஜி.ஆர். முன்னிலையில. எதிர்ல நின்னவர் ஜிம்மி எல்லிஸ். அவரும் அலி மாதிரியே லூயிவில்காரர், முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன். 1971-ல ஹூஸ்டன்ல அலி அவரை 12-வது ரவுண்ட்ல தோற்கடிச்சிருந்தார். அப்படிப் பார்த்தா, சென்னையில நடந்ததும் பேருக்கு ஒரு ஹெவிவெயிட் ரீமேட்ச்தான். ஆனா காட்சிப் போட்டியில யாரும் யாரையும் நிஜமா அடிக்க மாட்டாங்க. அதை வச்சு ஒருத்தர் உடம்பு எந்த நிலைமையில இருக்குன்னு கணிக்க முடியாது.

அதே வருஷம் அக்டோபர் 2. ஓய்வு அறிவிச்சிருந்த அலி, 38 வயசுல, லாஸ் வேகாஸ்ல லாரி ஹோம்ஸ் முன்னாடி நின்னார். இது ரீமேட்ச் இல்லை. ஆனா அலியால முடியும்னு நம்பினவங்க கையில இருந்தது அந்தப் பழைய மூணு ரீமேட்ச் கணக்குதான்: தோத்தா திரும்ப வருவார், மூணு தடவை வந்தாரே! எடையும் குறைஞ்சிருந்தது, சுமார் 217 பவுண்ட். பார்க்க இளமையா இருந்தார்.

கவனிங்க, 1973-ல எடை குறைஞ்சது ஒழுங்கான பயிற்சியோட அடையாளம். 1980-ல அதே எடைக்குறைவு உடம்பு பலவீனமானதோட அடையாளம். எண் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அர்த்தம் நேர் எதிர். சண்டைக்கு முன்னாடி மேயோ கிளினிக்ல பரிசோதனை நடந்தது. விரலால மூக்கு நுனியைத் தொடுறதுல லேசான பிசகு, ஒத்தைக்கால்ல தத்துறதுல எதிர்பார்த்த லாவகம் இல்லைன்னு பதிவாச்சு. அப்படியும் லைசென்ஸ் கிடைச்சது. சண்டையில ரவுண்டுக்கு ரவுண்டு அலி அடிவாங்கிக்கிட்டே இருந்தார். பத்தாவது ரவுண்ட் முடிஞ்சதும் அவரோட பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ போதும்னு நிறுத்தினார். 1984-ல பார்க்கின்சன் அறிகுறிகள் இருக்கிறதா டாக்டர்கள் சொன்னாங்க. அதுக்கு எந்தச் சண்டை, எந்தக் குத்து காரணம்னு பிரிச்சு சொல்ல முடியாது. ஆனா அந்தப் பத்து ரவுண்ட் அவருக்குத் தேவையே இல்லாதது.

தப்பான கணிப்பால நம்ம மாதிரி பார்க்கிறவங்களுக்குப் போறது ஒரு வாட்ஸ்அப் பந்தயம். ரிங்குல நிக்கிறவருக்குப் போறது உடம்பு. அதனாலதான் இதை வெறும் பொழுதுபோக்கா விட்டுடக் கூடாதுன்னு நினைக்கிறேன்.

அடுத்த ரீமேட்ச்சுக்கு நாலு கேள்வி

ஒண்ணு, தோத்ததுக்குக் காரணம் என்ன: சொந்தத் தப்பா, எதிராளியோட பலமா, வயசா? சொந்தத் தப்புன்னா தோத்தவருக்கு நல்ல வாய்ப்பு. எதிராளியோட பலம்னா பழைய ரிசல்ட்டையே நம்பலாம். வயசுன்னா, எத்தனை தடவை திரும்பி வந்திருந்தாலும் கணக்குல சேர்க்காதீங்க.

ரெண்டு, நடுவுல எவ்வளவு காலம் போச்சு, அது ரெண்டு பேர்ல யாருக்கு சாதகம்?

மூணு, ஜெயிச்சவர் அதுக்கப்புறம் என்ன பண்ணினார்? பயிற்சியா, பார்ட்டியா?

நாலு, எடை மாறியிருந்தா ஏன் மாறிச்சு? எண்ணை மட்டும் பார்க்காதீங்க.

நாலுக்கும் பதில் எழுதிட்டு, சண்டைக்கு முன்னாடியே உங்க கணிப்பை சதவீதமா குறிச்சு வைங்க. 'அவர்தான் ஜெயிப்பார்'னு எழுதாதீங்க, '65 சதவீதம்'னு எழுதுங்க. சண்டை முடிஞ்சதும் 'எனக்கு அப்பவே தெரியும்'னு சொல்ற நண்பர் நம்ம எல்லா குரூப்லயும் ஒருத்தர் உண்டு. அவர்கிட்டயும் முன்னாடியே எழுதி வாங்கிடுங்க.

அவ்வளவுதான் மக்களே. உங்க சதவீதங்களை அனுப்பி வைங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.