பிரிந்தொலிக்கும் சுரங்கள்: பியானோ பயில்வோர்க்கு ஒரு விளக்கம்

பியானோ பயிலத் தொடங்குவோர் பலர், ஆர்ப்பெஜியோ என்னும் பயிற்சியை எட்டியவுடன் சோர்ந்துவிடுகின்றனர். வயதுவந்தபின் பயில்வோர், தம் விரல்கள் இறுகிவிட்டன என்றெண்ணிக் கருவியை மூடிவிடுவதும் உண்டு. குறை விரல்களில் அன்று, பயிலும் முறையிலேயே உள்ளது என்பதை இங்கு விளக்க விழைகிறோம்.

1. சொல்லும் பொருளும்

'ஆர்ப்பா' என்னும் இத்தாலியச் சொல் யாழ்வகைக் கருவியைக் குறிக்கும். அதனின்று பிறந்ததே ஆர்ப்பெஜியோ. சேர்ந்தொலிக்கும் சுரங்களை, நரம்புகளை மீட்டுவதுபோல், ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கச் செய்வதே இது. சி, ஈ, ஜி ஆகிய மூன்று கட்டைகளை ஒருங்கே அழுத்தினால் சி மேஜர் சுரச்சேர்க்கை உண்டாகும். சி என்பதைச் சட்சமாகக் கொண்டால், மற்றவை அந்தர காந்தாரமும் பஞ்சமமும் ஆகும். ஆகவே, முதலில் மூன்றையும் ஒருங்கே அழுத்திக் கையின் அமைப்பை உணர்தல் வேண்டும். பின்னரே பிரித்து வாசித்தல் தகும். சேர்க்கையை அறியாதவர் ஒவ்வொரு கட்டையையும் தேடுவர். அறிந்தவருக்கோ கையை வைக்கும்போதே சுரங்கள் கிட்டிவிடும்.

2. பெருவிரலின் பணி

பெருவிரலை 1 என்றும் சிறுவிரலை 5 என்றும் எண்ணுவது மரபு. சி, ஈ, ஜி, மேல் சி என ஒரு ஸ்தாயியை வலக்கை 1, 2, 3, 5 என்னும் விரல்களாலும், இடக்கை 5, 4, 2, 1 என்னும் விரல்களாலும் வாசிக்கும். வலக்கை இரண்டு ஸ்தாயிகள் ஏறும்போது வரிசை 1, 2, 3, 1, 2, 3, 5 ஆகும். இடர்ப்பாடு இங்கேதான் எழுகின்றது. சுரவரிசையில் பெருவிரல் நடுவிரலின்கீழ் நுழைந்து அடுத்த கட்டையைத் தொட்டால் போதும். இங்கோ, இரண்டு வெள்ளைக் கட்டைகளைத் தாண்டிச் செல்லவேண்டும். முழங்கையை உயர்த்தி எட்டிப்பிடித்தால் அந்தச் சுரம் மட்டும் உரத்து ஒலிக்கும். ஈ ஒலிக்கும்போதே பெருவிரல் நகரத் தொடங்க, முன்கையும் உடன் செல்லுதல் வேண்டும்.

பெருவிரலின் தயக்கம் புதிதன்று. விரல்களை அகல விரிக்கும் இடங்களிலன்றிப் பெருவிரலைப் பயன்படுத்தாத பெருங்கலைஞர்களைத் தம் தந்தை யோகான் செபாஸ்தியான் பாக் இளமையில் கேட்டிருந்ததாக, கார்ல் பிலிப் எமானுவேல் பாக் 1753இல் வெளியிட்ட நூலில் குறிப்பிடுகின்றார்.

3. ஒரு முன்மாதிரி

தந்தை பாக் 1722இல் தொகுத்த 'வெல் டெம்பர்டு கிளாவியர்' நூலின் முதல் பிரெலூடு, பிரிந்தொலிக்கும் சுரச்சேர்க்கைகளால் ஆனது. அதன் முந்தைய வடிவம், 1720இல் ஒன்பது வயது மகனுக்காகத் தொடங்கிய பயிற்சி ஏட்டில் காணப்படுகின்றது. 35 தாளக்கட்டங்களுள் இறுதி மூன்று நீங்கலாக, ஒவ்வொன்றிலும் ஐந்து சுரங்களே உள்ளன. இடக்கைக்கு இரண்டு, வலக்கைக்கு மூன்று. ஒவ்வொரு கட்டத்தையும் முதலில் ஒரே சேர்க்கையாக அழுத்திக் கேட்டு, பின்னர்ப் பிரித்து வாசிப்பின் நாம் மேலே கூறியது தெளிவாகும்.

பெடலை மிதித்தால் சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து குறைகளை மறைத்துவிடும். எனவே தொடக்கத்தில் அதனைத் தவிர்த்து, ஒவ்வொரு சுரமும் சமமாய் ஒலிக்கும் அளவுக்கு மெதுவாகவே பயில்வோமாக. சமநிலை கைவந்தபின் விரைவு தானே வரும். விரைவை முதலில் நாடினாலோ இரண்டும் கிட்டா.