தீயும் ஊரும்

திருநெல்வேலியிலிருந்து மதுரை செல்லும் நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கிச் சிறிது தொலைவு சென்றால், சிற்றாற்றின் கரையில் கங்கைகொண்டான் என்னும் ஊரைக் காணலாம். இராசேந்திர சோழனின் விருதுப் பெயரைத் தாங்கி நிற்கும் பழமையான ஊர் அது. தாமிரபரணியோடு சேரப்போகும் சிற்றாறு ஒருபுறம். பனைகள் ஓங்கி நிற்கும் வறண்ட நிலம் மற்றொருபுறம். ஓலை வேய்ந்த கூரையும், வைக்கோற் படப்பும், முள்வேலியும் இந்த வட்டாரத்து ஊர்களில் மக்கள் வாழ்வோடு நெடுங்காலமாக ஒன்றியவை. கோடைக் காற்று வீசும் ஒரு நண்பகலில் அவற்றில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும்? ஒரு கூரையில் பற்றிய தீ அடுத்த கூரைக்குத் தாவ நெடுநேரம் வேண்டியதில்லை. அந்தச் சில நிமிடங்களில் செய்யத் தக்கது யாது? செய்ய வேண்டியவர் யாவர்? இவ்விரு வினாக்களையே இன்று நாம் எண்ணிப் பார்க்கப் போகிறோம்.

முதலில் தீயின் இயல்பை அறிந்துகொள்வோம். தீ நிலைத்திருக்க எரிபொருள், வெப்பம், காற்றிலுள்ள பிராணவாயு ஆகிய மூன்றும் வேண்டும். இவற்றுள் ஒன்றை நீக்கினாலும் தீ அணைந்துவிடும். நீர் ஊற்றுவது வெப்பத்தை நீக்குவதற்காக. ஈரச் சாக்கைப் போர்த்துவதும் மணலை வாரிக் கொட்டுவதும் காற்றைத் தடுப்பதற்காக. பற்றிய கூரையின் ஓலையைத் துரட்டியால் இழுத்துத் தள்ளுவதும், பக்கத்துப் படப்பை அப்புறப்படுத்துவதும் எரிபொருளை விலக்குவதற்காக. நம் நாட்டுப்புற மக்கள் அறிவியல் நூல் எதுவும் படியாமலே இம்மூன்று முறைகளையும் கையாண்டு வந்திருக்கிறார்கள்.

ஆனால் தீ காத்திருப்பதில்லை. தொடக்கத்தில் ஒரு குடம் நீரில் அணையக் கூடிய தீ, ஐந்து நிமிடம் கழிந்த பின் நூறு குடத்திற்கும் அடங்குவதில்லை. தீயணைப்பு வண்டி எவ்வளவு விரைந்து வந்தாலும், செய்தி போய்ச் சேர்ந்து, வண்டி புறப்பட்டு, சாலையைக் கடந்து வர நேரம் பிடிக்கும். ஆகவே தொடக்க நிமிடங்கள் எப்பொழுதும் அயலாருடையவை.

அயலார் கூடிவிட்டால் மட்டும் போதுமா? தீப்பற்றிய தெருவைப் பார்த்தவர்கள் அறிவார்கள். ஒருவர் ஏணியைத் தேடி ஓடுகிறார். அது யார் வீட்டில் இருக்கிறதென்று தெரியவில்லை. பத்துப் பேர் ஒரே கிணற்றடியில் நெருக்குகிறார்கள். வீட்டுப் பொருள்களைக் காப்பாற்ற ஒரு கூட்டம் உள்ளே நுழைகிறது. உள்ளே முடியாமல் படுத்திருக்கும் பாட்டியின் நினைவு யாருக்கும் வருவதில்லை. அங்கே துணிவுக்குக் குறைவில்லை, குறைவதெல்லாம் ஏற்பாடுதான்.

இந்தக் குறையைத் தீர்க்கவே தன்னார்வத் தீயணைப்புக் குழு என்னும் அமைப்பு தோன்றியது. அவ்வகையில் புகழ்பெற்றது அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பெஞ்சமின் பிராங்க்ளினும் அவர் நண்பர்களும் 1736ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் தொடங்கிய 'யூனியன்' தீயணைப்புக் குழு. பிராங்க்ளின் அப்பொழுது ஓர் அச்சுக்கூடத்தின் சொந்தக்காரர். மின்னலை ஆராய்ந்த அறிஞர் என்னும் பெயர் அவருக்குப் பின்னாளில் வந்தது.

அக்குழுவின் விதிகள் எளியவை. ஏறக்குறைய முப்பது பேர் சேர்ந்தனர். ஒவ்வொருவரும் தோல் வாளிகளையும், பொருள்களை அள்ளிக் கட்டி வெளியேற்ற உறுதியான துணிப் பைகளையும் தம் செலவிலேயே ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். மாதம் ஒருமுறை கூடித் தீயைப் பற்றித் தமக்குத் தோன்றியவற்றைக் கலந்து பேச வேண்டும். கூட்டத்திற்கு வரத் தவறியவர் அபராதம் செலுத்த வேண்டும். அந்த அபராதத் தொகையைக் கொண்டே ஏணிகளும், கொக்கிகளும், நீர் இறைக்கும் பொறிகளும் வாங்கினர். மேலும் பலர் சேர விரும்பி வந்தபொழுது, குழுவைப் பெருக்காமல், தனியே வேறொரு குழு அமைத்துக்கொள்ளுமாறு அவர்களைத் தூண்டினர். இவ்வாறு நகரெங்கும் குழுக்கள் பெருகின.

குழு தொடங்குவதற்கு முன்பே, தீ வராமல் காப்பது பற்றிப் பிராங்க்ளின் தம் செய்தித்தாளில் எழுதினார். எரியும் தணலை அகப்பையில் நிறைய அள்ளி ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குக் கொண்டுபோவது ஆபத்து என்று எச்சரித்தார். அண்டை வீட்டு அடுப்பிலிருந்து சிரட்டையில் நெருப்பு வாங்கி வந்த வழக்கம் நம் பாட்டிமார் காலத்தில் இருந்ததல்லவா? கடல் கடந்த ஊராயினும் அடுப்பங்கரை அபாயம் ஒன்றேதான்!

தமிழர் பலர் குடியேறிய மலாய் நாட்டிலும் இதன் தேவை உணரப்பட்டது. ஓலைக் கூரைகள் நிறைந்திருந்த கோலாலம்பூர் 1881ஆம் ஆண்டில் பெருந்தீயால் அழிவுற்றது. 1883ஆம் ஆண்டில் அங்கே தன்னார்வத் தீயணைப்புப் படை அமைந்தது. தென் அமெரிக்காவின் சிலி நாட்டில், வால்பரைசோ துறைமுக நகரில் 1851ஆம் ஆண்டு தொடங்கிய தன்னார்வப் படையின் வழியில், இன்றும் தீயணைப்பாளர்கள் ஊதியம் பெறாத தொண்டர்களாகவே பணியாற்றுகின்றனர்.

நம் நாட்டில் தீயணைப்பு பெரும்பாலும் அரசின் பொறுப்பாக வளர்ந்தது. தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டம் 1985ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. இத்துறையினரின் தியாகம் பெரிது. 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சும் ஏற்றி வந்த கப்பல் தீப்பற்றி வெடித்தபொழுது, அதை அணைக்கச் சென்ற வீரர்கள் பலர் உயிர் துறந்தனர். அவர்கள் நினைவாகவே ஆண்டுதோறும் அந்நாளில் தொடங்கித் தீத்தொண்டு வாரம் கொண்டாடப்படுகிறது. எனினும் அரசுத் துறை இருக்கிறது என்பதனால் அயலாரின் கடமை நீங்கிவிடவில்லை. 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில், சமையற்கூடத்தில் எழுந்த தீ பள்ளியின் ஓலைக் கூரையைப் பற்றியது. 94 குழந்தைகள் மாண்டனர். கூரையும் அடுப்பும் அருகருகே இருக்கலாமா, குழந்தைகள் வெளியேற வழி உண்டா என்ற கேள்விகளை முன்னரே கேட்பவர் ஒருவர் ஊருக்கு வேண்டும் என்பதை அந்த நாள் நமக்குக் கற்பித்தது.

ஓர் ஊர்க் குழு எவ்வாறு இயங்கலாம் என்பதைச் சிறு கணக்கால் விளக்குகிறேன். நீர்த்தொட்டிக்கும் தீக்கும் இடையே 30 மீட்டர் தொலைவு என்று கொள்வோம். மீட்டருக்கு ஒருவராக 30 பேர் வரிசையில் நின்று, 10 லிட்டர் கொண்ட குடங்களைக் கைமாற்றி, ஐந்து வினாடிக்கு ஒரு குடம் வீதம் சேர்த்தால், நிமிடத்திற்கு 120 லிட்டர் நீர் தீயின் மேல் விழும். வெறுங்குடங்களைத் திருப்பி அனுப்ப எதிரே மற்றொரு சிறு வரிசை போதும். இதே முப்பது பேரும் தனித்தனியே குடத்துடன் ஓடினால், ஒருவர்மேல் ஒருவர் மோதிப் பாதி நீர் தெருவில்தான் கொட்டும். நீரும் அதுவே, ஆட்களும் அவர்களே. நின்ற முறை மட்டுமே வேறு.

எல்லாத் தீக்கும் நீர் ஆகாது என்பதையும் குழுவினர் அறிந்திருக்க வேண்டும். வாணலியில் எண்ணெய் தீப்பற்றினால் அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும். நீர் ஊற்றினால் எரியும் எண்ணெய் தெறிக்கும். மின்சாரத் தீயானால் முதலில் மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டும். எரிவாயு கசிந்தால் சன்னல்களைத் திறக்க வேண்டும், மின்விசையைத் தொடலாகாது. உடையில் தீப்பற்றியவர் ஓடலாகாது. தரையில் படுத்து உருள வேண்டும். யாவற்றினும் முதலாக, ஒருவர் 101 அல்லது 112 என்னும் எண்ணை அழைத்து ஊரையும் தெருவையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். அழைக்க வேண்டியவர் யார் என்பதும் முன்னரே முடிவாகியிருக்க வேண்டும்.

2023ஆம் ஆண்டு டிசம்பரில் தாமிரபரணி பெருக்கெடுத்தபொழுது, ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் ஒரு ரயில் வெள்ளத்தால் சூழப்பட்டு நின்றுவிட்டது. அதில் சிக்கிய நூற்றுக்கணக்கான பயணிகளுக்கு அருகிலுள்ள புதுக்குடி ஊரார் உணவு சமைத்து அளித்தனர். மீனவர்கள் படகுகளைக் கொண்டுவந்து மக்களை மீட்டனர். ஆகவே இந்த ஆற்றங்கரை மக்களிடம் தொண்டுள்ளம் இல்லையென்று யாரும் கூற முடியாது. நீரிடம் காட்டிய அந்த உள்ளத்தைத் தீக்கும் பயன்படுமாறு முன்கூட்டியே பழக்கி வைப்பதுதான் எஞ்சியுள்ள வேலை.

மாணவ நண்பர்களே! இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. இன்று மாலை உங்கள் தெருவில் ஒருமுறை நடந்து வாருங்கள். நீர் எங்கே இருக்கிறது, ஏணி யார் வீட்டில் உள்ளது, தாமாக எழுந்து வெளியே வர இயலாத முதியவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு அதை நாலு வீட்டாருக்குப் படித்துக் காட்டுங்கள். பிலடெல்பியாவில் முப்பது பேர் தொடங்கியதும் ஏறக்குறைய இவ்வளவே. அந்தத் தாள் உங்கள் ஊரின் தீயணைப்புக் குழுவுக்கு முதல் ஏடாகட்டும்.