பிசி-யைத் தொட்டா சுருக்... ஸ்பீக்கர்ல 'ர்ர்ர்' சத்தம்... அசெம்பிள் பண்ணும்போது எதைக் கவனிக்கணும்?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல அலைஞ்சு பார்ட்ஸ் வாங்கி, ஈசிஆர் பஸ் பிடிச்சு புதுச்சேரி வந்து, ராத்திரி முழுக்க உட்கார்ந்து பிசி அசெம்பிள் பண்ணியாச்சு. விண்டோஸும் வந்துடுச்சு. ஆனா ஸ்பீக்கர்ல இரைச்சல். வயர்லெஸ் மவுஸ் நின்னு நின்னு நகருது. வெறுங்காலோட கேபினெட்டைத் தொட்டா விரல்ல சுருக்குங்குது. இந்த மூணுமே மின்காந்தக் குறுக்கீட்டோட, அதாவது இஎம்ஐ-யோட தொடர்புள்ளவை.

இது எந்த இஎம்ஐ?

பேங்க்ல மாசம் மாசம் கட்டுற இஎம்ஐ இல்லைங்க. பிசி-யில் இருக்கும் எஸ்எம்பிஎஸ், 230 வோல்ட் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித்தான் 12 வோல்ட்டாக மாற்றுகிறது. அப்போது உருவாகும் அதிர்வலைகள் வயர் வழியாகவும் காற்று வழியாகவும் வெளியேறி மற்ற கருவிகளைத் தொந்தரவு செய்யும்.

மூணாவது பின் எதுக்கு?

தரமான எஸ்எம்பிஎஸ்-ல் கரண்ட் நுழையும் இடத்திலேயே ஒரு ஃபில்டர் இருக்கும். அது இரைச்சலைப் பிடித்து எர்த் வயருக்குத் தள்ளிவிடும். எர்த் இல்லைன்னா அது போக வழியே இல்லை. ஃபில்டரில் உள்ள கெபாசிட்டர்கள் வழியாக, கேபினெட் கிட்டத்தட்ட 115 வோல்ட்டில் மிதக்கும். கரண்ட் அளவு ரொம்பக் குறைவு என்பதால் சுருக்கோடு போகுது. ஆனா உள்ளே ஒரு லைன் வயர் கேபினெட்டில் பட்டால் உயிருக்கே ஆபத்து.

புதுச்சேரியில் என்ன ஸ்பெஷல்?

குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் மாதிரி கடலோரப் பகுதிகளில் உப்பு மண் மின்சாரத்தை நல்லாவே கடத்தும். ஆனா அதே உப்பு, எர்த் குழாயையும் கம்பி இணைப்பையும் அரிச்சிடும். பழைய வீடுகளில் மூணு பின் சாக்கெட் இருந்தாலும், பின்னால் எர்த் வயர் இல்லாமலே இருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒருமுறை டெஸ்ட் பண்ணுங்க. எர்த் பின்னை நியூட்ரலோடு இணைக்கிற 'ஷார்ட்கட்' மட்டும் வேண்டவே வேண்டாம்!

அசெம்பிள் பண்ணும்போது... (பிளக்கைக் கழட்டிட்டு!)

* மதர்போர்டுக்குப் பின்னால் வரும் ஐஓ ஷீல்டு தகட்டை மறக்காமல் மாட்டுங்க.

* மதர்போர்டில் ஸ்குரூ ஓட்டை உள்ள இடத்தில் மட்டும் ஸ்டாண்ட்-ஆஃப் வைத்து, எல்லா ஸ்குரூவையும் போடுங்க. போர்டு கேபினெட்டோடு இணைவது அது வழியாத்தான்.

* காலி ஸ்லாட்டுகளைத் தகடு போட்டு மூடுங்க. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 செ.மீ. அதில் பாதி அளவுக்கு நீளமான இடைவெளி இருந்தாலே, அது ஆன்டெனா மாதிரி வேலை செய்யும்.

* ஆடியோ கேபிளை எஸ்எம்பிஎஸ் வயர்களோடு சேர்த்துக் கட்டாதீங்க. குறுக்கே போக வேண்டியிருந்தால் 90 டிகிரியில் கடக்கட்டும்.

* யுஎஸ்பி 3.0 கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் எழுப்பும் என 2012-லேயே இன்டெல் விளக்கியிருக்கிறது. அதனால் மவுஸ் டாங்கிளை அதன் பக்கத்தில் சொருகாமல், எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வைங்க.

* ஸ்பீக்கருக்கும் பிசி-க்கும் ஒரே பவர் போர்டைப் பயன்படுத்துங்க. வேற வேற சாக்கெட்டில் போட்டால், எர்த் வித்தியாசத்தால் 'ம்ம்ம்' சத்தம் வரலாம்.

சரியாச்சான்னு எப்படித் தெரியும்?

வீட்டில் பழைய ரேடியோ இருக்கா? மீடியம் வேவில், ஸ்டேஷன் எதுவும் கேட்காத இடத்தில் வைத்து பிசி பக்கத்தில் கொண்டு போங்க. கேபினெட் மூடியைத் திறந்து ஒருமுறை, மூடி ஒருமுறை கேளுங்க. இரைச்சல் குறைந்தால் கேபினெட் தன் வேலையைச் செய்யுது. மூடிய பிறகும் மின் வயர் பக்கம் மட்டும் பலமாகக் கேட்டால், சந்தேகப்பட வேண்டியது எஸ்எம்பிஎஸ் ஃபில்டரையும் எர்த்தையும்தான்.

ஆர்ஜிபி லைட்டுக்குச் செலவு பண்றதுக்கு முன்னாடி, நல்ல எஸ்எம்பிஎஸ்-க்கும் எர்த்துக்கும் பட்ஜெட்டில் இடம் ஒதுக்கிடுங்க!