புதுக் கணினியும் பழைய பாவும்

தறியில் புதுப் பாவு ஏற்றும் நெசவாளர் பழைய பாவை அடியோடு அறுத்து எறிந்துவிடுவதில்லை. அதன் கடைசிப் பகுதியை அச்சிலும் விழுதிலும் கோத்தபடியே விட்டுவைத்து, புது இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைத்த பிறகே தறியை ஓட்டுகிறார். இந்தச் சாதாரண விவேகம் நமக்கு இல்லாமற் போனதால் விளைந்த அல்லலையே இங்கு அன்பர்கள் முன் வைக்கிறோம்.

கணக்குகளைக் கணினியில் ஏற்றுமாறு சங்கக் காரியதரிசிகளுக்கு உபதேசம் செய்வது நமது உத்தியோகத்தின் ஒரு பகுதி. 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது முதல், நமது உபதேசத்தின் குரலும் சற்று ஓங்கியே ஒலித்து வந்தது. ஆனால் சொந்த வீட்டில் ஒரு புதுக் கணினியை நிலைநிறுத்த நாம் பட்ட பாட்டைப் பார்த்திருந்தால், அக்காரியதரிசிகள் வாய்விட்டுச் சிரித்திருப்பார்கள்.

வாங்கியது ஒரு சனிக்கிழமை. திங்கட்கிழமை ஓர் அறிக்கை கொடுத்தாக வேண்டும். ஒரு நெசவாளர் சங்கத்தில் காலஞ்சென்ற அங்கத்தினர் ஒருவரின் பங்குத் தொகையும் சிக்கன நிதியும் அவருடைய மனைவிக்குச் சேர வேண்டியிருந்தன. சங்கத்தின் பழைய பேரேடு மழையில் நனைந்து வீணாகிவிட்டது. ஆறு ஆண்டுகளுக்கு முன் நாம் எடுத்து வைத்த ஆய்வுக் குறிப்பே எஞ்சியிருந்த ஆதாரம். அதனை ஒரு பென் டிரைவில் பிரதி செய்துகொண்டு, பழைய கணினியை விலைக் கழிவுக்காகக் கடையிலேயே கொடுத்துவிட்டு வந்தோம்.

முதல் நாள் விசாரணை

மின்சாரம் கொடுத்த மாத்திரத்தில் வேலை தொடங்கிவிடலாம் என்றே எண்ணியிருந்தோம். கணினியோ நாடு எது, மொழி எது, விசைப்பலகை எது என்று நம்மை விசாரிக்கலாயிற்று. இணையத்தோடு இணைத்தாலன்றி மேற்செல்ல மறுத்தது. இணைத்த பின், கணக்கு உண்டா என்று கேட்டது. கணக்கு உண்டு, கடவுச்சொல்தான் நினைவில் இல்லை. அதை மாற்றுவதற்குரிய இரகசிய எண், நாம் என்றோ கைவிட்ட கைப்பேசி எண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது. "கடன் கேட்டு வரும் அங்கத்தினரிடம் நீங்கள் கேட்கும் கேள்விகளைவிட இவை குறைவுதானே?" என்றார் நம் இல்லத்தரசி. பதில் சொல்ல நமக்கு வாயில்லை.

புதிதாக ஒரு கணக்கைத் தொடங்கி உள்ளே நுழைந்ததும், புதுப்பிப்பு என்னும் பெயரால் இரண்டு மணி நேரம் கழிந்தது. கடையிலிருந்து அன்றே வந்த பொருளுக்குப் புதுப்பிப்பு எதற்கு என்று சலித்துக்கொண்டோம். காரணம் எளியதே. இயந்திரம் கிடங்கில் கிடந்த மாதங்களில் வெளியான பாதுகாப்புத் திருத்தங்கள் யாவும் ஒருங்கே வந்து சேருகின்றன. அவற்றை இடையில் நிறுத்துவது தகாது.

எடைக் குறைவா?

அடுத்து வந்தது சந்தேகம். பெட்டியின் மீது 512 கிகாபைட் என்று அச்சிட்டிருந்தது. திரையிலோ 476 என்று காட்டிற்று. எடைக் குறைவு என்றே முடிவு கட்டி, கடைக்காரருக்குப் புகார்க் கடிதம் எழுதத் துணிந்தோம். நல்ல வேளையாக அதற்கு முன் கணக்கிட்டுப் பார்த்தோம். விற்பவர் ஒரு கிகாபைட்டை 100 கோடி பைட் என்று எண்ணுகிறார். நமது கணினியோ 1,024-ஐ மூன்று முறை வைத்துப் பெருக்கி, 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் என்று கொள்கிறது. பொருள் ஒன்றே, அளவுகோல்தான் இரண்டு. நூலில் நாம் அறியாததா இது? ஓர் இராத்தலுக்கு 840 கெஜச் சிட்டங்கள் 40 கொண்ட நூல் 40-ஆம் நம்பர் நூல்; அதே நூல் மெட்ரிக் முறையில் ஏறக்குறைய 68-ஆம் நம்பர் ஆகிறது. அதனால் நூலின் கனம் மாறிவிடுவதில்லை. கடிதத்தைக் கிழித்தெறிந்தோம்.

பெயரற்ற தொகைகள்

இரவு பத்து மணிக்கு ஆய்வுக் குறிப்பைத் திறந்தோம். நெஞ்சம் பதைத்துப்போயிற்று. தமிழ் இருந்த இடமெல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கள். மெய்யெழுத்தின் புள்ளி இருக்க வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. இலக்கங்கள் மட்டும் பழுதின்றி நின்றன. தொகைகள் தெரிந்தன; யாருடைய தொகை என்பது தெரியவில்லை.

மறுநாள் காலை, பக்கத்துத் தெரு நெசவாளர் ஒருவரின் மகள், கல்லூரி மாணவி, வந்து பார்த்தார். "எழுத்து எதுவும் அழியவில்லை, ஐயா. எழுத்துரு மட்டுமே இங்கே இல்லை" என்றார். அப்பொழுதுதான் விஷயம் விளங்கிற்று. தமிழ் கணினியில் ஏறிய தொடக்க காலத்தில், எழுத்துரு அமைத்தவர்கள் பலர் ஆங்கில எழுத்துக்களின் இடங்களில் தத்தம் விருப்பப்படி தமிழ் எழுத்துக்களை அமர்த்தினார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியிலுள்ள ஆங்கிலமே வெளிப்படும். 1991-ஆம் ஆண்டில் வெளியான யூனிகோடு முதற்பதிப்பில் தமிழுக்கெனத் தனி இடம் கிடைத்தது. 2010-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசும் அதனைத் தரமாக ஏற்றது. எனினும் பழகிய கை எளிதில் மாறுவதில்லை. நமது கையும் மாறவில்லை.

அரைப்புள்ளிகளைக் கொண்டே அம்மாணவி எழுத்துரு இன்னதென்று கண்டறிந்து, குறிப்பு முழுவதையும் யூனிகோடுக்கு மாற்றித் தந்தார். நாம் அதனோடு நில்லாமல், ஒவ்வொரு பெயரையும் நமது கைக்குறிப்பேட்டுடன் ஒப்பிட்டுச் சரிபார்த்தோம். அறிக்கை திங்கட்கிழமையே சென்றது. அந்த அம்மையாரின் காரியம் நம் அவசரத்தால் கெடவில்லை என்பதே ஆறுதல்.

அன்பர்களுக்குச் சில யோசனைகள்

1. தவணை நாளுக்கு முந்திய நாளில் புதுக் கணினியைத் தொடவேண்டாம்.

2. கணக்கின் கடவுச்சொல்லையும், அதனோடு சேர்ந்த கைப்பேசி எண்ணையும் முன்னதாகவே சரிபார்த்துக் கொள்க.

3. கோப்புகளைப் பிரதி செய்தால் மட்டும் போதாது. புதுக் கணினியில் ஒவ்வொன்றையும் திறந்து படித்துப் பார்க்கவேண்டும்.

4. பழைய எழுத்துருவில் உள்ளவற்றை இப்பொழுதே யூனிகோடுக்கு மாற்றிவிடுக.

5. ஒரு மாதமாவது பழைய கணினியை வீட்டில் வைத்திருக்கவேண்டும். கொடுக்கும் முன் அதிலுள்ள கணக்குகளை முற்றிலும் அழித்துவிடுவது அவசியம். நாம் அதை மறந்து, திங்கள் மாலை கடைக்கு ஓடினோம்.

கடைசியாக ஒன்று. தெரியாததைப் பக்கத்து வீட்டாரிடம் கேட்பதற்கு நாணவேண்டியதில்லை. பாவு பிணைக்கையில் ஒருவர் கை ஓய்ந்தால் மற்றொருவர் கை கொடுக்கிறார். கூட்டுறவு என்று நாம் மேடைகளில் பேசிவருவது அதைத்தானே!