வேலையோடு வந்த வீடு

தங்கவயல்காரர்களிடம் "வீடு எங்கே?" என்று கேட்டால், சாம்பியன் ரீஃப், மாரிகுப்பம், கோரமண்டல் என்று பெருமையோடு சொல்வோம். "சொந்த வீடா?" என்று கேட்டால்தான் தயங்குவோம். அந்தத் தயக்கத்தின் வயது நூறு ஆண்டுக்கும் மேல்.

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் கோலாரில் தங்கம் எடுக்க வந்தது. வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து நம் மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற, ஒடுக்கப்பட்ட மக்கள். வெள்ளைக்கார அதிகாரிகளுக்குத் தோட்டம் சூழ்ந்த பங்களாக்கள். தொழிலாளிக்கு மூங்கில் தட்டி அடைத்த ஓர் அறைக் குடிசை. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்ததும் சுரங்க எந்திரங்களை ஓட்டுவதற்காகவே.

காலப்போக்கில் தட்டிகள் போய்ச் சுவர்கள் எழுந்தன. 1956இல் சுரங்கம் மைசூர் அரசின் உடைமையாயிற்று. 1972இல் மத்திய அரசின் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. முதலாளி மாறினார், சுவர் மாறியது. வேலை இருக்கும்வரைதான் வீடு என்ற நியதி மட்டும் மாறவில்லை. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் இறங்கி உழைத்தவனுக்கு, மேலே ஓரடி மண்கூடச் சொந்தமில்லை.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. வேலை போயிற்று, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதே லைன் வீடுகளில் தங்கிவிட்டன. பிள்ளைகள் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போனார்கள். அங்கேயே குடியேறலாமே என்று சிலர் கேட்கிறார்கள். பெங்களூர் வாடகை ஒருபுறம் இருக்கட்டும். பக்கத்து வீட்டு அத்தை, தெருமுனைக் கோயில், தேவாலயம், தாத்தாவைப் புதைத்த இடம் ஆகியவற்றை எந்த வண்டியில் ஏற்றுவது?

இலங்கை மலையகத்திலும் இதே கதைதான். அங்கே தோட்டத் தொழிலாளரின் லயன் அறைகளும் வேலையோடு கட்டப்பட்டவையே. 2017இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர், மேலும் 10,000 வீடுகள் கட்ட உதவி அறிவித்தார். அத்தகைய தனி வீடுகளுக்கு 7 பேர்ச் நிலமும் உறுதிப்பத்திரமும் வேண்டும் என்பதே அம்மக்களின் அடிப்படைக் கோரிக்கையாக இருந்தது.

தங்கவயலுக்கும் அதுவே பொருந்தும் என்பது என் கருத்து. புது வீடு கட்டிக் குடியேற்றினாலும், பழைய வீட்டையே கொடுத்தாலும், குடும்பத் தலைவியின் பெயரையும் சேர்த்துப் பத்திரம் கொடுங்கள். சாவி மட்டும் கொடுத்தால், அது இன்னொரு லைன் வீடாகவே இருக்கும்.