வீடு வாங்கப் போறீங்களா? பத்திரம் மட்டும் பார்த்தா போதாது... டேப் போட்டு அளந்து பாருங்க!

குமணன்சாவடி:

சென்னை மேற்கு புறநகரில் சொந்த வீடு தேடுபவர்களின் கண் இப்போது குமணன்சாவடி, காட்டுப்பாக்கம், மாங்காடு பக்கம் திரும்பி இருக்கிறது. மெட்ரோ ரெயில் தூண்கள் எழும்பிய நாளில் இருந்தே புரோக்கர்கள் வாயில் விலை ஏறிக்கிட்டே போகுது. புது பிளாட் வாங்க வசதி இல்லாதவர்கள் 15, 20 வருஷ பழைய தனி வீடுகளை பேசி முடிக்கிறார்கள்.

வீட்டைக் கட்டிப்பார் என்று பெரியவர்கள் சொன்னார்கள். கட்டின வீட்டை வாங்கிப் பார்ப்பது அதை விட பெரிய பாடு.

வாங்குபவர்கள் பத்திரம் பார்க்கிறார்கள். 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார்கள். தண்ணி உப்பா, நல்ல தண்ணியா என்று மோட்டார் போட்டு குடித்தும் பார்க்கிறார்கள். ஆனால் இடத்தை அளந்து பார்ப்பவர்கள் குறைவு. என்ஜினீயரை அழைத்து வந்து கட்டிடத்தை காட்டுபவர்கள் அதை விட குறைவு.

80 சதுர அடி எங்கே?

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். பத்திரத்தில் 30 அடிக்கு 40 அடி, அதாவது 1,200 சதுர அடி (அரை கிரவுண்டு) என்று எழுதி இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டு கட்டும்போது 2 அடி தள்ளி கட்டிவிட்டார். தரையில் இருப்பது 28-க்கு 40. மொத்தம் 1,120 சதுர அடிதான். சதுர அடி ரூ.5 ஆயிரம் என்றால் இல்லாத 80 சதுர அடிக்கு ரூ.4 லட்சம் கொடுத்தாச்சு. பத்திரப்பதிவு செலவும் அந்த இல்லாத இடத்துக்கும் சேர்த்துத்தான்.

வில்லங்க சான்றிதழ் இதை காட்டாது. அந்த சொத்தின் மீது என்னென்ன பத்திரங்கள் பதிவாகி இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். சுவர் எங்கே நிற்கிறது என்பது அதில் வராது. சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசிலும் டேப் பிடித்துப் பார்த்து பதிவு செய்வது கிடையாது.

பட்டாவில் கணக்கு ஹெக்டேர், ஏர்ஸ் என்று இருப்பதால் பலருக்கும் தலை சுற்றுகிறது. விஷயம் சுலபம்தான். ஒரு ஏர் என்றால் 100 சதுர மீட்டர், அதாவது 1,076 சதுர அடி. 1,200 சதுர அடி மனைக்கு பட்டாவில் 1.11 ஏர்ஸ் இருக்க வேண்டும். பட்டாவோடு எப்.எம்.பி. எனப்படும் புலப்படத்தையும் பார்க்க வேண்டும். இரண்டும் அரசு இணையதளத்திலேயே கிடைக்கிறது. அந்த வரைபடத்தில் நாலு பக்க அளவும் மீட்டரில் இருக்கும். கூட்டு பட்டாவாக இருந்து மனை தனியாக உட்பிரிவு ஆகாமல் இருந்தால் வரைபடத்தில் உங்கள் மனையே தெரியாது. அங்கேதான் உஷாராக இருக்கணும். சர்வே எண்ணை அ-பதிவேட்டில் பார்த்தால் அந்த இடம் ஏரியா, ஓடையா, புறம்போக்கா என்பதும் தெரிந்துவிடும்.

சர்வேயரை யார் கூப்பிடுவது?

அரசு சர்வேயர் வந்து அளக்க, நிலத்தின் உரிமையாளர் மனு கொடுக்க வேண்டும். 2023-ல் இருந்து இதற்கு ஆன்லைனிலும் விண்ணப்பிக்கலாம். வாங்கும் முன்பு நீங்கள் உரிமையாளர் கிடையாது. எனவே விற்பவரைத்தான் மனு போட சொல்லணும். ‘அதெல்லாம் எதுக்கு சார், நாங்க 20 வருஷமா இருக்கோம்’ என்று அவர் இழுத்தால், அதுவே ஒரு தகவல்தான்.

அவசரத்துக்கு தனியார் சர்வேயரை வைத்தும் அளக்கலாம். ஆனால் நாளைக்கு எல்லை தகராறு வந்தால் அரசு சர்வேயரின் அளவுக்கு உள்ள மதிப்பு அதற்கு இருக்காது.

இந்தியாவையே அளந்த வேலை தொடங்கியதும் இந்த பகுதிக்கு பக்கத்தில்தான். குமணன்சாவடி வழியாக போகும் மவுண்ட்-பூந்தமல்லி சாலை முடியும் பரங்கிமலையில் இருந்து 1802 ஏப்ரல் 10-ந்தேதி கர்னல் லாம்டன் சங்கிலி பிடித்து அளக்க ஆரம்பித்தார். ஏழரை மைல் தூரத்தை அளக்க அவருக்கு ஒரு மாதத்துக்கும் மேல் ஆனது. 40 அடியை அளக்க அரை மணி நேரம் போதும்.

மவுலிவாக்கத்தை மறக்க முடியுமா?

இடம் சரியாக இருந்தாலும் கட்டிடம்? 2014 ஜூன் 28-ந்தேதி மாலை, போரூர் அருகே மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடி கட்டிடம் மழைக்கு நடுவே அப்படியே தரைமட்டமானது. 61 பேர் பலியானார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்பு தேடி வந்த ஆந்திரா, ஒடிசா, தமிழக கூலித் தொழிலாளர்கள். அந்த கட்டிடத்துக்கு சி.எம்.டி.ஏ. அனுமதி இருந்தது. பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டிடமும் பாதுகாப்பானது இல்லை என்று 2016 நவம்பர் 2-ந்தேதி வெடி வைத்து தகர்க்கப்பட்டது.

அனுமதி வேறு, உறுதி வேறு. பிளான் அனுமதியில் உங்கள் வீட்டு பில்லருக்குள் எத்தனை கம்பி போட்டார்கள் என்று இருக்காது.

பழைய வீட்டில் என்ஜினீயர் முதலில் பார்ப்பது கூரையைத்தான். கம்பி துருப்பிடித்து உப்பினால் சிமெண்டு பூச்சு தட்டு தட்டாக உரியும். சுவரில் சாய்வாக ஓடும் விரிசல் அஸ்திவாரம் இறங்கியதை காட்டலாம். ஒரு மாடிக்கு போட்ட அஸ்திவாரத்தின் மேல் இரண்டாவது மாடி ஏற்றி இருக்கிறார்களா என்பதையும் பார்ப்பார். விற்பனைக்கு வரும் வீட்டுக்கு புதுசாக பெயிண்டு அடித்திருந்தால் சந்தோஷப்பட வேண்டாம். எதை மறைக்க அடித்தார்கள் என்று சுவரை தட்டிப் பார்க்கணும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை வீட்டைப் போய் பார்ப்பது நல்லது. செம்பரம்பாக்கம் ஏரி பக்கத்தில்தான் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணி எதுவரை நின்றது என்று தெருவில் உள்ள மளிகைக் கடைக்காரரிடம் கேட்டால் கை வைத்து காட்டுவார்.

சட்டம் என்ன சொல்கிறது?

1882-ம் வருட சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவுப்படி, விற்பவர் தனக்கு தெரிந்த முக்கிய குறைகளை சொல்லியாக வேண்டும். ஆனால் வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலே தெரியக்கூடிய குறைக்கு இது பொருந்தாது. கண்ணுக்கு முன்னால் இருந்த விரிசலை பார்க்காமல் வாங்கிவிட்டு கோர்ட்டுக்கு போனால் ‘நீ ஏன் பார்க்கல?’ என்ற கேள்விதான் வரும்.

2016-ம் வருட ரியல் எஸ்டேட் சட்டத்தில், வீட்டை ஒப்படைத்த 5 வருஷத்துக்குள் கட்டுமான குறை வந்தால் பில்டர் தன் செலவில் சரி செய்து தரவேண்டும். அது பில்டர்கள் விற்கும் பெரிய திட்டங்களுக்கு. கைமாறும் பழைய தனி வீட்டுக்கு அந்த கவசம் கிடையாது.

‘பேங்க் என்ஜினீயர் வந்து பார்த்துட்டாரே’ என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். அவர் பார்ப்பது பேங்க் கொடுக்கும் கடனுக்கு சொத்து ஈடாகுமா என்பதை. உங்கள் வீட்டு சீலிங் பற்றிய கவலை அவருக்கு இல்லை.

எனவே பெரிய தொகையை அட்வான்சாக நீட்டும் முன்பே அக்ரிமெண்டில் ஒரு வரி எழுத வைக்கலாம். சர்வேயில் வரும் அளவுக்கு மட்டுமே விலை, அளவு குறைந்தால் அந்த அளவுக்கு தொகையும் குறையும், எல்லை தகராறு இருந்தால் அட்வான்ஸ் திரும்ப வரும் என்று. டோக்கனுக்கு 10 ஆயிரம் கொடுத்த பிறகும் இதை கேட்கலாம். 10 லட்சம் கொடுத்த பிறகு கேட்டால் விற்பவர் போனை எடுக்க மாட்டார்.