தரை தொடாத அளவுகோல்

பிசியோதெரபி அறை எதுவானாலும் மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் கோனியோமீட்டர் கிடக்கும். பள்ளிக்கூடத்துக் கோணமானியில் இரண்டு நீண்ட கைகளைப் பூட்டியது போன்ற எளிய கருவி அது. ஒரு கையைத் தொடை எலும்பின் வாக்கிலும் மறுகையைக் கணுக்கால் நோக்கியும் வைத்து, நடு அச்சை முட்டியின் பக்கவாட்டில் பொருத்தினால், முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது என்று தெரிந்துவிடும். நேராக நிற்கையில் முட்டி இருக்கும் நிலை சுழி. அங்கிருந்து எதுவரை போகிறதோ அதுதான் அதன் அசைவெல்லை. பழகிய கையே அளந்தாலும் 5 டிகிரி வரை முன்பின் ஆகும். போன வாரம் 110, இந்த வாரம் 113 என்றால் அதை முன்னேற்றம் என்று எண்ண முடியாது. இந்தச் சிறு பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம். அளந்து எழுதிய எண்ணை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் பெரிய பிழை நடக்கிறது.

முட்டி மாற்று அறுவைச் சிகிச்சையின் பலனை மதிப்பிட உலகெங்கும் கையாளப்பட்ட அளவுகோல், அமெரிக்காவின் முழங்கால் சங்கம் 1989இல் வகுத்த மதிப்பெண் முறை. அதில் 5 டிகிரி அசைவுக்கு ஒரு மதிப்பெண், உச்சம் 25. அதாவது 125 டிகிரி மடங்கும் முட்டிக்கு அசைவில் முழு மதிப்பெண். அதற்கு மேல் மடங்குவதற்கு அந்தத் தாளில் இடமே இல்லை. நடக்க ஏறத்தாழ 60 டிகிரியும், நாற்காலியிலிருந்து எழ 90 டிகிரியும் அதற்குச் சற்று மேலும் போதும் என்பதால், நாற்காலியில் வாழ்பவர்களுக்கு அது நியாயமான கணக்கு. ஆனால் இந்தியர்களை வைத்து நடத்தி 2006இல் வெளியான ஓர் ஆய்வில், குத்தவைத்து உட்காரும்போது முட்டி சராசரியாக 150 டிகிரியையும் தாண்டி மடங்கியது. இடையில் இருக்கும் அந்த 25 டிகிரிக்குள்தான் கொங்கு நாட்டு வாழ்க்கையில் பாதி அடங்கியிருக்கிறது. ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் காட்டில் களை எடுப்பது, சின்ன வெங்காயம் பிடுங்குவது, கோயில் பந்தியில் இலைக்கு முன் சம்மணம் போடுவது, இந்தியக் கழிப்பறையில் உட்கார்ந்து எழுவது எல்லாம் அதில் வரும். முழு மதிப்பெண் வாங்கிய முட்டியோடு வீடு திரும்பும் ஒரு விவசாயத் தொழிலாளிக்குத் தன் வேலைக்குத் திரும்ப வழியில்லாமல் போகலாம். தாளைப் பார்த்தால் குறை ஏதும் தெரியாது.

தரையில் வாழும் காலம் முடிந்துவிட்டதே என்று கேட்கலாம். உண்மைதான், டைனிங் டேபிளும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் கிராமம் வரை வந்துவிட்டன. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. 1950களில் கோவையில் பிறந்த வெட் கிரைண்டர், ஆட்டுக்கல்லின் முன் மணிக்கணக்கில் குனிந்து தோளைச் சுழற்றிய கோடிப் பெண்களை எழுப்பி விட்டது. அந்தத் தோள்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் வசதி எல்லோருக்கும் ஒரே நாளில் வந்து சேர்வதில்லை. டேபிள் வந்த வீட்டுக்கும் களை எடுக்க வருபவர் தரையில்தான் உட்காருகிறார். தவிர, தரை என்பது நாம் விரும்பிப் போகும் இடம் மட்டுமல்ல. வழுக்கி விழுந்த முதியவர் எழுந்தாக வேண்டிய இடமும் அதுதான்.

இதைவிடக் கனமான மறுப்பு, குத்தவைப்பதே முட்டியைத் தேய்க்கும் என்பது. இதற்கு ஆதாரம் உண்டு, மறைக்கக் கூடாது. பெய்ஜிங் முதியவர்களிடம் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், இளவயதில் நாள்தோறும் நெடுநேரம் குத்தவைத்திருந்தவர்களுக்கு முட்டித் தேய்மானம் கூடுதலாகவே காணப்பட்டது. அதே நகரத்து முதியவர்களின் இடுப்பு மூட்டைப் பார்த்தால், அமெரிக்க வெள்ளையரை விடத் தேய்மானம் மிகக் குறைவு. இரண்டையும் சேர்த்துப் பார்த்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: கேடு மணிக்கணக்கில் அப்படியே இருப்பதில்தான் இருக்கிறது. தரை வரை போய் எழும் திறனைக் காப்பதும், நாள் முழுக்கத் தரையில் கிடப்பதும் ஒன்றல்ல. ஏற்கெனவே முட்டி தேய்ந்தவரை நான் குத்தவைக்கச் சொல்லவில்லை. அவருக்கு என்ன வேலை இருக்கிறது என்று கேட்டுவிட்டு அளவு எடுங்கள் என்கிறேன்.

அப்படிக் கேட்டு அளக்கும் வழக்கம் கை விஷயத்தில் என்றோ வந்துவிட்டது. தறியும் லேத்தும் பவுண்டரியும் நிறைந்த கோவையில் விரல் நசுங்குவதும் துண்டாவதும் புதிதில்லை. 1978இல் தொடங்கிய கங்கா மருத்துவமனை கைக்காயச் சிகிச்சையில் உலகறிந்த பெயர் ஆனதற்கு இந்தத் தொழில் மண்ணும் ஒரு காரணம். ஒரு விரலின் மூன்று கணுக்களும் மடங்கும் கோணத்தைக் கூட்டினால் இயல்பில் 260 டிகிரி. ஆனால் கை சிகிச்சையில் இன்னொன்றும் அளப்பார்கள்: விரலை மடக்கும்போது நுனிக்கும் உள்ளங்கைக் கோட்டுக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர் இடைவெளி நிற்கிறது என்று. ஸ்பேனரைப் பிடிக்க முடியுமா என்ற கேள்விக்கு அந்த இடைவெளி நேராகவே பதில் சொல்கிறது. முட்டிக்கும் தோளுக்கும் இப்படி ஒரு கேள்வி வேண்டும்.

தோளுக்கு அது அவசரமாகவே வேண்டும். 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். தோள் இறுகிப்போகும் ஃப்ரோஸன் ஷோல்டர் மற்றவர்களை விடச் சர்க்கரை நோயாளிகளுக்கு ஐந்து மடங்கு வரை அதிகம் என்று 2016இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். நோயாளி தானே கையைத் தூக்குவது ஓர் அளவு, மற்றவர் பிடித்துத் தூக்கிப் பார்ப்பது இன்னோர் அளவு. தசைநாண் கிழிந்த தோளைப் பிறர் தூக்கினால் பெரும்பாலும் மேலே போகும். இறுகிய தோள் யார் தூக்கினாலும் போகாது. முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்ப முடியாமல் போவது அதன் முக்கிய அடையாளம். ஆனால் கொண்டை போடக் கை எட்டவில்லை, ரவிக்கையின் பின்கொக்கி எட்டவில்லை என்று பெண்கள் சொல்வதை வெறும் பிடிப்பு என்று பல மாதம் தள்ளிவிடுகிறோம். சர்க்கரை விரல்களையும் விடுவதில்லை. இரு கைகளையும் சேர்த்துக் கும்பிடச் சொல்லிப் பார்ப்பது மருத்துவப் புத்தகங்களிலேயே உள்ள சோதனை. உள்ளங்கைகள் ஒட்டாமல் விரல்களுக்கு நடுவே சந்து தெரிந்தால் மூட்டுகள் விறைத்து வருகின்றன என்று பொருள். ஒரு நாளில் பத்து வணக்கம் வைக்கும் ஊரில் இதற்குக் கருவி எதற்கு?

குறைந்த எல்லையைக் கூட்டுவது எப்படி என்பதில் பழைய நம்பிக்கை ஒன்று ஆட்டம் கண்டிருக்கிறது. இழுத்துப் பிடித்தால் தசை நீளும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பக்கவாதம், காயம் போன்றவற்றால் மூட்டு முடங்கியவர்கள் பற்றி 49 ஆய்வுகளைத் தொகுத்த 2017இன் காக்ரேன் அறிக்கை, ஏழு மாதத்துக்குட்பட்ட நீட்டல் பயிற்சியால் மூட்டின் அசைவில் சொல்லத்தக்க பலன் இல்லை என்றது. நலமானவர்கள் நீட்டினால் எல்லை கூடுகிறது. ஆனால் 2021இல் 11 ஆய்வுகளை ஒப்பிட்டவர்கள், எடை தூக்கிப் பழகினாலும் ஏறத்தாழ அதே அளவு கூடுவதைக் கண்டார்கள். போன இடத்திலிருந்து தன் பலத்தில் திரும்ப முடிந்தால்தான் அந்த எல்லை உடம்புக்குப் பயன்படும். வளைந்தால் போதும், பலம் எதற்கு என்பவர்களுக்கும் இதுவே என் பதில்.

இந்த இடத்தில் எனக்குக் கொங்கு நாட்டு வள்ளி கும்மி நினைவுக்கு வருகிறது. ஆண்கள் ஆடிவந்த அந்த ஆட்டத்தைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் என்பதற்காக, கோவையைச் சேர்ந்த பத்ரப்பன் 2024இல் பத்மஸ்ரீ பெற்றார். இன்று சிறுமிகள் முதல் பாட்டிகள் வரை மாதக்கணக்கில் பழகி அரங்கேற்றம் செய்கிறார்கள். குனிந்து தட்டி, நிமிர்ந்து தட்டி, திரும்பி, பின்வாங்கிப் போகும் அந்த ஆட்டத்தில் இடுப்பும் தோளும் யாரும் பிடித்து இழுக்காமல் தம் தசையின் பலத்தாலேயே திரும்பத் திரும்ப வீச்சாகப் போய் வருகின்றன. பிசியோ அறையில் பத்து முறைக்கே சலிக்கும் அசைவு இங்கே பாட்டோடு நூறு முறை நடக்கிறது.

ஆகவே கொங்கு மண்டலத்துச் சிகிச்சைத் தாள்களில் டிகிரிக் கட்டங்களுக்குக் கீழே மூன்று வரி சேர்க்க வேண்டும்: கை ஊன்றாமல் தரையிலிருந்து எழுகிறாரா, கும்பிடும்போது விரல்கள் ஒட்டுகின்றனவா, கை கொண்டைக்கு எட்டுகிறதா. முட்டி அறுவைச் சிகிச்சைக்கு வருபவரிடம் கூடுதலாக இன்னொன்று: எந்த வேலைக்குத் திரும்பப் போகிறார்? அதைச் சிகிச்சைக்கு முன்பே கேட்டு, எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.